வெக்கையில் இல்லாத செருப்பு

போன மாதம் வாசிப்பு வட்டத்தில் பூமணியின் ‘வெக்கை’ நாவலை எடுத்தோம். வந்த பதினோரு பேரில் எட்டுப் பேர் படிக்காமலே வந்திருந்தார்கள். “அதான் ‘அசுரன்’ பாத்துட்டமே அண்ணா!” படித்துவிட்டு வந்த ஒரு தங்கைக்கு வேறு குறை. “மாரியம்மா செருப்புப் போட்டு நடக்குற இடம் புத்தகத்துல இல்லண்ணா. பக்கத்தைக் கிழிச்சிட்டாங்களா?”

கிழிக்கவில்லை. பூமணி அதை எழுதவே இல்லை. 1982-இல் வந்த நாவலில் செருப்பும் இல்லை, பஞ்சமி நிலமும் இல்லை, குடிசைகள் எரியும் இரவும் இல்லை. சாதியின் பெயர்கூட இல்லை. 2019-இல் வெற்றிமாறன் சேர்த்தவை அவை.

சேர்த்ததில் எனக்கு வருத்தமில்லை. அப்பாவை அந்தப் படத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். திரும்பும்போது பேருந்தில் கேட்டார்: “பஞ்சமின்னானே, நம்ம ஏரிக்கரைப் பக்கம் இருந்ததும் அதுதானா?” செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அறிக்கை, 1892 அரசாணை, அந்த நிலத்தை ஒடுக்கப்பட்டோர் அல்லாதவருக்கு விற்க முடியாது என்ற நிபந்தனை என்று எத்தனை மேடையில் பேசியிருப்பேன்! அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. தனுஷ் கேட்க வைத்துவிட்டார். ‘புத்தகம்தான் உசத்தி’ என்று சொல்லும் நண்பர்களோடு நான் சேராததற்கு இது ஒன்று போதும்.

ஆனால் ஒன்று கைநழுவிப் போயிருக்கிறது. நாவல் தொடங்கும்போதே பதினைந்து வயதுச் சிதம்பரம் வடக்கூரானை வெட்டிவிட்டு ஓடுகிறான். கையை மட்டும் எடுக்கத்தான் நினைத்தான், ஆள் போய்விட்டான். அண்ணனைக் கொன்றவனை வெட்டினான், அவ்வளவுதான். அதற்குமேல் நியாயம் சொல்லிப் பூமணி யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. படத்துக்கு அது போதவில்லை. அப்பனுடைய பழைய கதை, பழைய ரத்தம் எல்லாம் வர வேண்டியிருக்கிறது. பையன் செய்த காரியம் பின்னுக்குப் போய், அவன் காப்பாற்றப்பட வேண்டிய பிள்ளையாகிவிடுகிறான். நட்சத்திரம் நடிக்கும் படத்தில் இது நடக்காமல் இருக்காது. பூமணியும் ‘கருவேலம் பூக்கள்’ எடுத்தவர், சினிமா அறியாதவர் அல்ல.

நாவலின் அய்யா வேறு மாதிரி ஆள். மகனோடு காட்டில் நடக்கிறார், பொங்குகிறார், எங்கே படுப்பது என்று பார்க்கிறார். பேசிக்கொண்டே இருக்கிறார்கள். சொந்தபந்தம் முழுக்க அந்த இருவரையும் தாங்குகிறது. ஒரு கொலைக்குப் பிறகு ஒரு குடும்பம் எப்படிச் சோறு தின்னும் என்பதுதான் அந்த எட்டு நாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படத்தின் தீ நமக்குக் கீழ்வெண்மணியை நினைவூட்டுகிறது. 1968 டிசம்பர் 25, 44 உயிர்கள். ஆனால் வெண்மணி கூலிக்கான போராட்டம், செங்கொடிச் சங்கத்துக்காகச் செத்த கீழத்தஞ்சை மக்களின் கதை. எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி, வெண்மணி திருநெல்வேலிப் பக்கம் நடந்த நிலத்தகராறு என்றே நம்பிக்கொண்டிருந்தான். குற்றம் படத்தின்மேல் மட்டும் இல்லை. வேறெங்கும் அவனுக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை.

பிறகு கடைசிக் காட்சிக்கு வந்தோம். நிலத்தைப் பிடுங்கலாம், படிப்பைப் பிடுங்க முடியாது என்று சிவசாமி மகனிடம் சொல்லிவிட்டுப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு போவார். திரையரங்கில் நானும் அழுதேன். அங்கிருந்த பாதிப் பேர் அதை வாட்ஸப் ஸ்டேட்டஸாக வைத்தவர்கள்தான். கட்டணம் பாக்கி என்று கல்லூரி சான்றிதழைக் கொடுக்காமல் வைத்திருக்கும் பையன் ஒருவன் மட்டும், “புடுங்க முடியாதுன்னு யாருண்ணா சொன்னது?” என்றான். உதவித்தொகை வந்தபாடில்லை. வேலைக்குப் போக அந்தக் காகிதம் வேண்டும். என்னிடம் பதிலில்லை. மறுநாள் அவனோடு ஆட்சியர் அலுவலகம் போய் மனு கொடுத்தோம், அது வேறு கதை.

கரிசல் பேச்சு புரியவில்லை என்று எல்லோரும் சொன்னதால், இப்போது எங்கள் வீட்டுத் திண்ணையில் வாரம் ஒரு நாள் நாவலைச் சத்தமாகப் படிக்கிறோம். எழுத்தறியாத அப்பாவும் ஓரமாக உட்கார்ந்து கேட்கிறார். முதல்நாள், வெட்டிவிட்டு ஓடிவந்த சிதம்பரம் இருட்டில் பதுங்கும் இடத்தில் நிறுத்தினோம்.

“புள்ள சாப்ட்டானா?” என்று கேட்டார்.