முப்பது நாளில் இரண்டு நாள்

என் கைபேசியில் ‘சாப்பாடு’ என்று ஒரு குறிப்பேடு இருக்கிறது. ஐந்து வருடமாக எழுதி வருகிறேன், மாதத்துக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பகுதி: வீடு, வழி, பை. வீடு என்றால் கோவில்பட்டியில் அம்மா சமைத்தது. வழி என்றால் சென்னைக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் நான் சாப்பிட்டது. பை என்றால் அம்மாவுக்கு வாங்கிக்கொண்டு போனது. மென்பொருள் வேலையில் பதின்மூன்று வருடம் இருந்தவனுக்கு எதையும் பதிவு செய்யாவிட்டால் அது நடந்த மாதிரியே இருக்காது.

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு எழும்பூரில் ரயில் ஏறுவேன். சனி காலை வீடு, ஞாயிறு இரவு திரும்ப ரயில். ஐந்து வருடப் பக்கங்களைச் சேர்த்துப் படித்தால் யாருக்கும் பொறாமை வரும். ‘வீடு: குதிரைவாலிச் சோறு, காணத் துவையல், மிதுக்க வத்தல்.’ ‘வீடு: நாட்டுக்கோழிக் குழம்பு, இரண்டாம் நாள் அதே குழம்பு சுண்டவைத்து இட்லியோடு.’ ‘வீடு: கம்மஞ்சோறு, புளிச்ச மோர், சின்ன வெங்காயம், கருவாட்டுக் குழம்பு.’

காணத் துவையலைப் பற்றித் தனியாக ஒரு பக்கமே எழுதியிருக்கிறேன். சென்னையில் கொள்ளு என்பார்கள், எங்களுக்குக் காணம். அதை எண்ணெய் இல்லாமல் வறுக்கவேண்டும். நிறம் மாறுவதைப் பார்க்கக்கூடாது, வாசனையைத்தான் பார்க்கவேண்டும் என்பாள் அம்மா. வத்தல், பூண்டு, துளிப் புளி, தேங்காய் வைத்துக் கொரகொரப்பாக அரைக்கவேண்டும். நைசாக அரைத்தால் அது வேறு பதார்த்தம். கரிசல் காட்டின் கம்பும் சோளமும் குதிரைவாலியும் தனியாக விழுங்க முடியாத தானியங்கள். பக்கத்தில் உறைப்பாகவோ புளிப்பாகவோ ஒன்று வேண்டும். எங்கள் ஊர்த் துவையலும் வத்தலும் கருவாடும் அந்தத் தேவையில் பிறந்தவை.

‘வழி’ பகுதியும் வளமானது. பகல் ரயிலில் வந்தால் மணப்பாறையில் முறுக்கு. ஒருமுறை அரைவேக்காட்டில் எடுத்து, திரும்பவும் எண்ணெயில் போட்டு எடுப்பது அதன் ரகசியம். மதுரையில் இறங்கி பஸ் மாறினால் விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா. கல்லில் சுடாமல் எண்ணெயில் பொரித்துத் தட்டிப்போட்டு, மேலே சால்னா ஊற்றும்போது ஒரு சத்தம் வரும். அடுத்தது சாத்தூர். கடலைமாவும் மிளகாயும் பூண்டும் சேர்ந்த காராச்சேவு. நல்ல கடையில் வாங்கினால் உறைப்பு நாக்கில் தெரியாது, தொண்டைக்குப் போனபிறகுதான் தெரியும்.

‘பை’ பகுதியில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா அடிக்கடி வரும். பாலும் சீனியும் தவிர வேறொன்றும் சேராத இனிப்பு, 2019இல் புவிசார் குறியீடு வாங்கியது. தூத்துக்குடிப் பக்கம் வேலை இருந்தால் மக்ரூன்: முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரி, அவ்வளவுதான். வாயில் போட்டால் முதலில் நொறுங்கும், பிறகு காணாமல் போகும். கடலை மிட்டாயின் ஊருக்கே நான் கடலை மிட்டாய் கொண்டுபோக முடியாது என்பதால் மற்ற ஊர்களின் பெருமைகளையெல்லாம் வாங்கிக்கொண்டு போவேன். ஒவ்வொரு முறையும் இரண்டு, மூன்று கிலோ இருக்கும். அம்மா பையை வாங்கிப் பார்த்துவிட்டு, “எதுக்குய்யா இவ்ளோ? ஒருத்திதான இருக்கேன்” என்பாள். அடுத்த மாதம் போகும்போது எல்லா டப்பாவும் காலியாக இருக்கும். அது எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

போன அக்டோபரில் அம்மாவுக்குக் காலில் ஒரு சின்னக் கொப்புளம். பத்து நாள் ஆகியும் ஆறவில்லை. டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். சர்க்கரை ஏற்கெனவே உண்டு, மாத்திரையும் உண்டு. அதனால் நான் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. மூன்று மாதச் சராசரி என்று சொல்கிற எச்பிஏ1சி 9.6 வந்தது. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும். அத்தனை நாளும் அதன்மேல் ஒட்டிய சர்க்கரையைத்தான் இந்தப் பரிசோதனை காட்டுகிறது. முந்தின நாள் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது. டாக்டர் என்னைப் பார்த்து, “அம்மா என்ன சாப்பிடுறாங்க?” என்றார். நான் பெருமையாகச் சொன்னேன்: “எங்க வீட்ல சிறுதானியம்தான் டாக்டர். கம்பு, குதிரைவாலி.” கைபேசியை எடுத்துப் படம்கூடக் காட்டினேன். அவர் படங்களைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை அம்மா, “சிலிண்டர் தீந்துபோச்சுய்யா, புக் பண்ணிரு” என்றாள். எங்கள் வீட்டு எரிவாயு இணைப்பு என் எண்ணில்தான் இருக்கிறது. நான்தான் பதிவு செய்து பணமும் கட்டுவேன். செயலியைத் திறந்தேன். இதற்கு முந்தைய பதிவு மார்ச் மாதம். மேலே தள்ளிப் பார்த்தேன். அப்பா இருந்தபோது 45 நாள், 50 நாள், 42 நாள். தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர், வேளாவேளைக்குச் சூடாக இருக்கவேண்டும். அவர் போன இரண்டு வருடத்தில் இடைவெளி நீண்டுகொண்டே வந்து கடைசியில் ஏழு மாதம். 14.2 கிலோ எரிவாயு ஏழு மாதம் வந்திருக்கிறது. டீ போடுவதற்கும், மாதத்தில் நான் வரும் இரண்டு நாளைக்கும் சரியாகப் போகும்.

ஒவ்வொரு இரவும் ஒன்பது மணிக்குப் போனில் கேட்பேன்: “சாப்ட்டியாம்மா?” “ஆச்சுய்யா.” “என்ன?” “ரெண்டு தோசை.” குளிர்பதனப் பெட்டியைத் திறந்தேன். மாவுச் சட்டி இல்லை. நான் வந்தால்தான் முந்தின நாள் மாவாட்டுவாள் என்று அப்போது புரிந்தது.

“அப்ப ராத்திரி என்னம்மா சாப்டுற?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சேவு கெடக்கும். மிச்சர் கெடக்கும். ஒரு டீயப் போட்டு அதத் தின்னுட்டுப் படுத்துருவேன். பால்கோவா இருந்தா ரெண்டு கரண்டி. ஒத்த ஆளுக்கு என்னத்த ஒல வைக்கச் சொல்லுத?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல என்று சொல்வதைப்போலச் சொன்னாள்.

அவள் சொன்னதில் நியாயமும் இருந்தது. எங்கள் வீட்டுக் கிரைண்டரில் ஒரு டம்ளர் அரிசி போட்டால் கல்லுக்குப் பிடிக்காது, ஓரத்தில் ஒட்டிக்கொண்டு சுற்றும். குக்கர் ஐந்து லிட்டர். குழம்புச் சட்டி ஆறு பேருக்கானது. கால் கிலோ கத்தரிக்காய் வாங்கினால் மூன்று நாள் அதே குழம்பு. வீட்டில் இருக்கும் அத்தனை பாத்திரமும் குடும்பத்தை நினைத்து வாங்கியது. ஒருத்திக்கான அளவு அந்த அடுக்களையில் எங்குமே இல்லை.

அன்று இரவு என் குறிப்பேட்டைத் திறந்து படித்தேன். ஐந்து வருடத்துக்கு அறுபது பக்கம். வேலையில் இப்படி ஒரு தரவை யாராவது கொண்டுவந்தால் நான் திருப்பி அனுப்பியிருப்பேன். முப்பது நாளில் இரண்டு நாளை மட்டும், அதுவும் நான் இருக்கிற இரண்டு நாளை மட்டும் அளந்து, அதை ‘வீடு’ என்று எழுதியிருக்கிறேன். மீதி இருபத்தெட்டு நாளைக்கும் அம்மாவின் இரவுச் சாப்பாடு எது என்பதும் அதே பக்கத்தில்தான் இருந்தது. ‘பை’ என்ற தலைப்பில், கிலோக் கணக்கோடு, நானே எழுதி வைத்திருந்தேன்.

ஆபீஸில் சொல்லிவிட்டுப் பத்து நாள் அங்கிருந்தே வேலை பார்த்தேன். முதல் மூன்று நாள் வழக்கம்போல விருந்து. நான்காம் நாள்தான் அது அடங்கியது. காலையில் ராத்திரித் தண்ணீர் ஊற்றிவைத்த கம்மஞ்சோறு, மோர், வெங்காயம். மதியம் ஒரு குழம்பு. இரவு ஒன்றுமில்லை என்பதுபோல இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். நான் எழுந்துபோய் முட்டையும் கீரையும் பொரித்தேன். உப்பு அதிகம். அம்மா சாப்பிட்டுவிட்டு, “ஒங்கப்பாவும் ஒருக்க சமைச்சாரு. இதவிட மோசம்” என்று சிரித்தாள். அப்பாவைப் பற்றி அவளாகப் பேசி ரொம்ப நாள் ஆகியிருந்தது.

கம்புதானே, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நானும் நினைத்திருந்தேன். டாக்டர் திருத்தினார். கம்பிலும் மாவுச்சத்துதான் அதிகம், எது என்பதோடு எவ்வளவு என்பதும் முக்கியம் என்றார். கருப்பட்டியும் சர்க்கரைதான், நிறம் மட்டும் வேறு. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தபிறகு வழிக்கடைகளில் குவிந்திருக்கும் சிறுதானிய பிஸ்கட்டை நானும் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பின்னால் அச்சடித்திருக்கும் பொருள் பட்டியல் எடை அதிகமானதிலிருந்து இறங்குவரிசையில் இருக்கும். நான் வாங்கியதில் முதலில் கோதுமை மாவு, அடுத்து சீனி, அதற்கடுத்து எண்ணெய். நான்காவதாக, கொஞ்சம் கேழ்வரகு.

ஒரு லிட்டர் குக்கரும் ஒரு சின்ன மிக்ஸி ஜாரும் வாங்கி வைத்துவிட்டுக் கிளம்பினேன். அது போதாது என்று எனக்கே தெரியும். அம்மாவை என்னோடு சென்னைக்குக் கூப்பிட்டேன். “அங்க வந்து ஒன் அடுக்களையிலயும் ஒத்தயாத்தான இருக்கணும்” என்றாள். காலை ஒன்பதுக்குக் கிளம்பி இரவு ஒன்பதுக்குத் திரும்புகிறவன் அதற்கு என்ன பதில் சொல்லமுடியும்? அவளுக்குத் தீர்வு நான் கண்டுபிடிக்கவில்லை, அவளே கண்டுபிடித்தாள். எதிர்வீட்டுப் பெரியம்மாவும் தனியாள். ஒருநாள் இவள் வீட்டில் உலை, மறுநாள் அவள் வீட்டில். சண்டையும் வருகிறதாம். பெரியம்மா புளி கூட ஊற்றுகிறாளாம். இரவுப் போன் இப்போது பாதி அந்தப் புகார்தான். நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

இந்தத் தை மாதம் போனபோது பை காலி. வாசலிலேயே அம்மா கையைப் பார்த்தாள். “வெறுங்கையோடயா வந்த?” முகம் கொஞ்சம் வாடித்தான் போனது. எனக்கும் என்னவோ போல் இருந்தது. கால் கிலோ சேவு மட்டும் மறுநாள் வாங்கி, மூன்று பேருக்கும் தட்டில் போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை 8.1க்கு வந்திருக்கிறது. இன்னும் இறங்கவேண்டும் என்றார் டாக்டர். கொப்புளம் ஆறிவிட்டது, தழும்பு இருக்கிறது.

போன வாரம் அம்மா பகலில் போன் பண்ணினாள். மீட்டிங்கில் இருந்தேன், பதறி எடுத்தேன்.

“ஒண்ணுமில்லய்யா. சிலிண்டர் தீரப்போற மாரி இருக்கு, புக் பண்ணிரு.”

பதிவு செய்துவிட்டு நாளை எண்ணினேன். 94 நாள். இந்த மாதப் பக்கத்தில் ‘வீடு’ என்பதற்குக் கீழே அதை மட்டும் எழுதியிருக்கிறேன்.