மேல்மாடியும் கீழ்த்தெருவும்

எகிப்துக்குப் போகிறவர்கள் பிரமிடுகளை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள், அதில் குற்றமொன்றுமில்லை. ஆனால் கெய்ரோ நகரத்தில் சில காலம் குடியிருக்க நேர்ந்தவன், அண்ணாந்து பார்க்க வேண்டிய விஷயங்கள் அங்கே சாதாரணத் தெருக்களிலேயே ஏராளமாக உண்டென்பதையும், அவற்றுள் எதற்கும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதில்லை என்பதையும் நாளடைவில் அறிந்துகொள்கிறான்.

காலையில் காய்கறி வண்டிக்காரர் கழுதையை நிறுத்திக் குரல் கொடுத்தவுடன், நான்காவது மாடியிலிருந்தோ ஐந்தாவது மாடியிலிருந்தோ, கயிற்றில் கட்டிய கூடையொன்று ஆடி அசைந்து இறங்கி வரும். 'சபத்' என்று வழங்கும் அந்தக் கூடையின் அடியில் பணம் இருக்கும். கூடைக்குச் சொந்தக்காரியான அம்மாளோ மேலே பால்கனிச் சுவரில் முழங்கையை ஊன்றியபடி, தக்காளி சரியாகப் பழுக்காததைப் பற்றியும், முன்தினம் வாங்கிய வெள்ளரிக்காய் கசந்ததைப் பற்றியும் தெரு முழுவதும் கேட்கும்படி வாதாடிக்கொண்டிருப்பார். வண்டிக்காரர் காய்களை நிறுத்துப் போட்டு, மீதிச் சில்லறையையும் வைத்து, கயிற்றை ஒருமுறை சுண்டிவிட்டால் கூடை மேலேறிவிடும். படியேற முடியாத கால்களுக்கு இது ஓர் உபகாரம் என்றுதான் முதலில் தோன்றும். கூர்ந்து கவனித்தாலோ, பணத்தை முன்னால் இறக்கிவிட்டுப் பண்டத்தைப் பின்னால் பெறுகிற இந்த வியாபாரம் விக்கினமின்றி நடந்துவருவதற்கு, பேரம் முழுவதும் ஊரறிய உரத்த குரலில் நடப்பதே காரணமென்பது விளங்கும். எதிர்வீட்டு அம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கையில், அழுகலை அடியில் வைத்து அனுப்ப எந்த வண்டிக்காரருக்குத் துணிவு வரும்?

இந்தப் பால்கனிக்கு ஒரு பூர்வகதை உண்டு. பழைய கெய்ரோவின் வீடுகளில், கடைந்தெடுத்த சிறு மரத்துண்டுகளைக் கோத்துச் செய்த 'மஷ்ரபிய்யா' என்னும் சாளரங்கள் தெருப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். தெருவில் போகிறவன் உள்ளே பார்க்க முடியாது; உள்ளே இருக்கும் ஸ்திரீ தெருவையெல்லாம் பார்க்கலாம்; அங்கே வைத்த மண்கூஜாக்களின் தண்ணீரும் காற்றோட்டத்தில் குளிர்ந்துவிடும். நகீப் மஹ்ஃபூஸ் 1956-இல் வெளியிட்ட நாவலில், கணவன் வருகைக்காக நள்ளிரவில் விழித்திருக்கும் அமீனா உலகத்தைக் காண்பது இத்தகைய சாளரத்தின் வழியேதான். அவளுடைய பேத்திகள் இன்று பால்கனியில் நின்று சப்தமிட்டுப் பேரம் பேசுவதை, ஒரு பெரிய சரித்திர மாறுதலாகவே நான் கருதுகிறேன். சரித்திராசிரியர்கள் சம்மதிக்க வேண்டுமென்பதில்லை.

தெருவில் ரொட்டியும் தலைக்கு மேலேதான் பிரயாணம் செய்கிறது. பேரீச்ச மட்டையால் முடைந்த நீளத் தட்டில் ரொட்டிகளைப் பரப்பித் தலையில் ஏந்தி, ஒரு கையால் அதைப் பிடித்து, மறு கையால் சைக்கிளைச் செலுத்திக்கொண்டு வாகனக் கூட்டத்தினூடே பையன்கள் நழுவிச் செல்வார்கள். அந்தத் தட்டு சரிந்து நான் பார்த்ததில்லை. ரொட்டியின் விலை மட்டும் சர்க்காரின் தலையில் இருந்தது: உணவுப் பண்டங்களின் மானியத்தைக் குறைக்க 1977 ஜனவரியில் முற்பட்டபோது தெருக்கள் கொந்தளிக்க, உத்தரவு உடனே வாபஸாயிற்று; மானிய ரொட்டியின் ஐந்து பியாஸ்தர் விலை முப்பது ஆண்டுகளுக்கு மேல் அசையாதிருந்து, 2024-இல்தான் இருபதாக உயர்ந்தது.

இவையெல்லாவற்றுக்கும் மேலே, மொட்டைமாடிகளில், வேறொரு ராஜ்யம் நடக்கிறது. பலகையும் கழியும் கொண்டு தேர்ச்சட்டம் போல் உயர்த்திக் கட்டிய புறாக்கூண்டுகளின் உச்சியில், மாலை வேளையில் ஒருவர் கொடியை வீசிச் சீழ்க்கையடித்துக்கொண்டிருப்பார். அவருடைய புறாக்கூட்டம் வானத்தில் வட்டமிடும். அடுத்த மாடிக்காரரின் கூட்டமும் அதே வானத்தில்தான் பறக்கும். ஒருவர் கூட்டத்தோடு கலந்து இறங்கிவிட்ட அயல் புறா, பிடித்தவருக்கே சொந்தம். உடையவர் வேண்டுமானால் விலை கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். கீழே ஒரு சில்லறைக் காசு குறையாமல் வியாபாரம் நடக்கும் அதே கட்டடத்தின் உச்சியில், களவு ஒரு கலையாகக் கொண்டாடப்படுகிறது! புறா விடுகிறவனுடைய சாட்சியம் செல்லாதென்று பழைய இஸ்லாமிய நீதிநூலார் சிலர் விதித்திருக்கிறார்கள். அந்த விளையாட்டு மறதியை உண்டாக்குமாம். அதோடு, மாடியேறுகிறவனுடைய கண் அண்டைவீட்டுப் பெண்களின் மேல் படுமாம். எங்கள் கட்டடத்துப் புறாக்காரர் இந்த விதியை என்னிடம் பெருமையோடு சொல்லிச் சிரித்தார். கீழ்த்தளத்து மளிகைக்காரரோ அவருக்கு மட்டும் கணக்கெழுதாமலே கடன் கொடுத்துவந்தார்.