மூன்று வாட் வெளிச்சம்

தருமபுரியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பதும் பக்கம் கட்டுவதும் எங்கள் தொழில். நாங்கள் என்றால் அண்ணன் தம்பி இருவர். வீடு நல்லம்பள்ளியில். முகூர்த்த மாதங்களில் வேலை முடிய இரவு பதினொன்று ஆகிவிடும். பத்து கிலோமீட்டர் சொச்சம், சைக்கிள்தான். அதியமான்கோட்டை வரை கடைகளின் வெளிச்சம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துணைக்கு வரும். அதற்கப்பால் சர்வீஸ் ரோடு உள்ள இடத்தில் அதிலும், இல்லாத இடத்தில் பெருஞ்சாலையின் விளிம்பிலுமாகப் போகவேண்டும். (ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்தவனின் பெயரைத் தாங்கிய ஊரைக் கடந்ததும் இருட்டு தொடங்குவதில் குறியீடு எதுவும் இல்லை, நண்பர்கள் தேடவேண்டாம்.)

பழையவர்கள் இன்னமும் ஏழாம் நம்பர் ரோடு என்றே சொல்லும் அந்தச் சாலை 2010-இல் 44 என்று எண் மாறியது. பெங்களூரிலிருந்து வரும் லாரிகள் தொப்பூர் இறக்கத்தை நோக்கி விரைவது அதன் வழியேதான். 2020 டிசம்பரில் அந்தக் கணவாயில் ஒரு லாரி வரிசையாக வண்டிகளை இடித்து நால்வர் உயிரிழந்த செய்தி வந்த வாரம், அம்மா எங்களை சைக்கிளில் போகவே விடவில்லை. எட்டு நாள் பஸ்ஸில் போனோம். இரவில் பஸ் கிடைக்காமல் அச்சகத்தில் காகிதக் கட்டுகளின் மேல் படுத்ததுதான் மிச்சம். அதன்பிறகே விளக்கு என்பதை ஒரு விஷயமாக எடுத்துக்கொண்டோம்.

அப்பாவின் சைக்கிளில் டைனமோ இருந்தது. பின்சக்கரத்தின் டயரோடு உரசிச் சுழலும் அந்தச் சிறு குப்பி ஆறு வோல்ட்டில் மூன்று வாட் மின்சாரம் தரும். 2.4 வாட் முன்விளக்குக்கு, மீதி பின்விளக்குக்கு. அந்நாளில் விளக்கில்லாமல் வந்தால் போலீஸ்காரர் சக்கரத்தின் காற்றைப் பிடுங்கிவிடுவார் என்பதால், அப்பாவுக்கு அது வழி காட்டும் கருவி என்பதைவிட மானம் காக்கும் கருவி. மேடு ஏறும்போது மங்கும், இறங்கும்போது பளீரிடும், நின்றால் அணைந்துவிடும். நிற்கும்போதுதானே பின்னால் வருபவனுக்கு நாம் தெரியவேண்டும் என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறோம். நிற்காமல் போ என்பதே அவரது பதில்.

பிறகு ஈயப் பேட்டரி போட்ட சார்ஜ் டார்ச் வந்தது. அதை ஹேண்டில்பாரில் டியூப் ரப்பரால் கட்டி ஓட்டினோம். 2012-இல் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாத மாதங்களில் அது செத்தது. ஈயப் பேட்டரியைத் தீர்ந்த நிலையிலேயே விட்டுவைத்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எத்தனை நேரம் சார்ஜ் போட்டாலும் ஏறாது. இதை நாங்கள் அறிந்தபோது மூன்று டார்ச்சுகள் பரணில் இருந்தன.

நிற்க. இன்றைய விளக்குகளின் கணக்கு வேறு. நீல ஒளி உமிழும் எல்.ஈ.டி.யைக் கண்டறிந்த மூன்று ஜப்பானிய அறிவியலாளர்களுக்கு 2014-இல் நோபல் கொடுத்தார்கள். அந்த நீலத்தின்மேல் மஞ்சள் பூச்சைத் தடவித்தான் வெள்ளை ஒளியை எடுக்கிறார்கள். அப்பாவின் குண்டு பல்பு முப்பது லூமனைத் தந்த அதே மூன்று வாட்டில் இது முந்நூறு லூமன் தரும். உள்ளே இருப்பது பெரும்பாலும் 18650 என்னும் லித்தியம் செல். பதினெட்டு மில்லிமீட்டர் விட்டம், அறுபத்தைந்து மில்லிமீட்டர் நீளம் என்பதே அப்பெயரின் பொருள். 2600 மில்லி ஆம்பியர் மணி செல்லை 3.6 வோல்ட்டால் பெருக்கினால் ஒன்பது வாட் மணிக்குச் சற்று மேல். மூன்று வாட்டில் எரித்தால் மூன்று மணி நேரம். எங்கள் பயணம் முக்கால் மணி நேரம். ஆக, மூன்று இரவுக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும்.

இந்த எளிய கணக்கைப் போடாமல் ஆயிரம் லூமன், 9800 மில்லி ஆம்பியர் என்று அட்டையில் அச்சிட்ட விளக்கை வாங்கினோம். (அச்சில் வந்ததை நம்பக்கூடாது என்பது அச்சகத்தில் வேலை செய்கிற எங்களுக்கே தெரியவில்லை.) நாற்பது நிமிடத்தில் அணைந்தது. நல்ல செல் நாற்பத்தைந்து கிராமுக்குக் குறையாது என்று படித்து, நகைப்பட்டறை நண்பரின் தராசில் அதை வைத்தோம். முப்பத்தொன்று காட்டியது. செல்லை மட்டும் மாற்றினோம். விளக்கு உண்மையிலேயே பிரகாசமாயிற்று. முன்னால் ஐம்பது அடிக்குச் சாலையின் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. எங்களுக்குப் பெருமை தாளவில்லை.

மாசி மாதத்தில் ஒருநாள் இரவு, சர்வீஸ் ரோட்டில் எதிரே ஏதோ ஒன்று ஆடி அசைந்து சட்டென்று இடப்பக்கம் காணாமல் போயிற்று. தகரம் உருளும் சத்தம். சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினோம். ஓரத்துப் பள்ளத்தில் ஒரு பெரியவர், மேலே அவரது சைக்கிள். அதில் விளக்கில்லை.

"ஏன் சாமி, மூஞ்சிக்கு நேரா தீப்பந்தத்தப் புடிச்சா ரோடு எப்படித் தெரியும்?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

மூணு பேஸ் கரண்ட் ராத்திரியில்தான் வருகிறது, மோட்டார் போடப் போகிறேன் என்றார். முப்பது வருடமாக விளக்கில்லாமல் அந்தப் பாதையில் போகிறவர். இருட்டில் அவர் கண் பழகியிருந்தது. எங்கள் வெளிச்சம்தான் அவரைக் குருடாக்கியது. வலது மணிக்கட்டு வீங்கிக்கொண்டே வந்தது. தருமபுரிக்கு ஆட்டோ பிடித்து, எலும்பு விரிசல் என்று தெரிந்து, கட்டுப் போட்டு வீடு சேர்த்தபோது விடிந்துவிட்டது. "பசங்க வேணும்னா செஞ்சாங்க" என்றார் அவர் மனைவி, எங்களுக்கு டீ கொடுத்தபடி. அந்த டீயைக் குடிப்பது சிரமமாக இருந்தது.

அந்த ஆறு வாரமும் வேலை முடிந்து திரும்பும் வழியில் அவர் கிணற்று மேட்டுக்குப் போய் நாங்களே மோட்டார் போட்டோம். பெரிய காரியமில்லை, ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அழுத்துவதுதான். ஆனால் கரண்ட் வரும்வரை இருட்டில் உட்கார்ந்திருக்கவேண்டும். அப்போதுதான் விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கப் பழகினோம். கண் இருட்டுக்குத் தேற இருபது நிமிடத்துக்கு மேல் பிடிக்கிறது. கெட ஒரு நொடி.

இப்போது முன்விளக்கு முந்நூறு லூமன், கீழ்நோக்கிச் சாய்த்தது. அதன் மேல் விளிம்பில் பவுடர் டப்பாவை வெட்டி ஒரு மறைப்பு வைத்திருக்கிறோம். ஒளியின் மேற்பகுதியைக் கோடு போட்டதுபோல் வெட்டும் சைக்கிள் விளக்குகளை ஜெர்மனியில் சட்டமே கேட்கிறது. இங்கே பவுடர் டப்பா. செலவைப் பின்விளக்கில் செய்தோம். வீடு திரும்பும் திசையில் லாரிகள் முதுகுக்குப் பின்னால்தான் வருகின்றன. சிவப்பு விளக்கு இரண்டு: ஒன்று நிலையாக எரிவது, ஒன்று மினுங்குவது. ஒன்று தீர்ந்தாலும் மற்றது இருக்கும். மட்கார்டிலும் பெடல்களிலும் ஒளிதிருப்பும் பட்டைகள். இவற்றுக்கு சார்ஜே வேண்டாம். லித்தியத்தை முற்றிலும் தீரவிடுவதில்லை. வெயிலில் காயும் சைக்கிளில் விடாமல், கழற்றி அச்சகத்துக்குள் எடுத்துப்போகிறோம்.

பெரியவருக்கும் ஒரு ஜோடி விளக்கு வாங்கிக் கொடுத்தோம். பின்விளக்கை மட்டும் சைக்கிளில் மாட்ட ஒப்புக்கொண்டார். முன்விளக்கு மோட்டார் ரூமில், ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. பியூஸ் போட உதவுகிறதாம்.