கரிசல் காட்டில் அஸ்வின் கணக்கு

விருதுநகரிலிருந்து சிவகாசி பஸ்ஸில் ஏறினால், ஆமத்தூர் தாண்டியதுமே ஜன்னலுக்கு வெளியே கரிசல் காடு விரிகிறது. மழை பெய்தால் செருப்போடு கிளம்பி வரும் மண். வெயிலில் காய்ந்தால் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். இங்கே மானாவாரி விவசாயத்தை மட்டும் நம்பிக் காலம் தள்ளுவது கஷ்டம். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். பட்டாசு பிறகு வந்தது.

விவசாயி சலித்துக்கொள்கிற இதே களிமண் குணம்தான் கிரிக்கெட் பிட்ச் போடுகிறவர்களுக்குத் தேவை. தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டினால் கரிசல் இறுகிப்போகும். நாலைந்து நாள் காய்ந்தால் விரிசல் விடும். அந்த விரிசலில் பந்து விழுந்தால் எந்தப் பக்கம் போகும் என்று பேட்ஸ்மேனுக்கும் தெரியாது, சில நேரம் பவுலருக்கும் தெரியாது! சேப்பாக்கத்தில் செம்மண் பிட்ச்சும் உண்டு, கரிசல் பிட்ச்சும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டாசு ஆலைகளின் கேட் பூட்டியிருக்கும். அந்தத் தனித்தனி அறைகளும் நடுவே நிற்கும் வேப்பமரங்களும் ஓய்வெடுக்கிற நாள் அது. கிடைத்த பொட்டலில் டென்னிஸ் பந்து உருளும். விக்கெட் விழுந்தால் பவுலிங் போட்டவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வான். அவுட் ஆனவன் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "நீ எங்கடா எடுத்த? பிட்ச்சுல எடுத்த!"

இதே குற்றச்சாட்டைத்தான் ரவிச்சந்திரன் அஸ்வின் ஆடிய காலமெல்லாம் சுமந்தார். 2011 நவம்பரில் டெல்லியில் முதல் டெஸ்ட், 2024 டிசம்பரில் பிரிஸ்பேனில் ஓய்வு அறிவிப்பு. நடுவே 106 டெஸ்ட், 537 விக்கெட். அதில் 383 இந்திய மண்ணில் எடுத்தவை. நூற்றுக்கு 71! அனில் கும்ப்ளேயின் 619-ல் இந்தியாவில் எடுத்தது 350, அதாவது நூற்றுக்கு 57-க்குக் கொஞ்சம் குறைவு. இதோடு நிறுத்தினால் 'உள்ளூர்ப் புலி' என்ற பட்டம் சரிதான் என்று தோன்றும்.

ஆனால், அஸ்வின் இந்தியாவில் ஆடியது 65 டெஸ்ட், வெளியே 41 மட்டுமே. கும்ப்ளே உள்ளே 63, வெளியே 69. பாதி வயலில் விதைத்தவனிடம் முழு வயல் மகசூலைக் கேட்க முடியாது. 2021 இங்கிலாந்துத் தொடரில் நடந்த நான்கு டெஸ்ட்டிலும் அஸ்வின் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். ஆடாத மேட்ச்சில் யாராலும் விக்கெட் எடுக்க முடியாதே!

ஒரு விக்கெட்டுக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்று பார்ப்பதே நியாயம். இந்திய மண்ணில் அஸ்வின் 21.57, கும்ப்ளே 24.88. வெளிநாட்டில் அஸ்வினுக்குச் சுமார் 30, கும்ப்ளேவுக்குச் சுமார் 36. 103 டெஸ்ட்களில் 417 விக்கெட் எடுத்த ஹர்பஜன் சிங்கின் மொத்த சராசரி 32.46. அஸ்வினுடையது 24. இந்த 24-ஐ பிட்ச் மட்டும் கொடுத்திருந்தால் மற்ற இருவருக்கும் கொடுத்திருக்க வேண்டும்.

இன்னொரு கணக்கு இதைவிட சுவாரஸ்யம். அஸ்வினுக்கு ஒரு விக்கெட் எடுக்க 51 பந்து போதும். முரளிதரனுக்கு 55, ஷேன் வார்னுக்கு 57, கும்ப்ளேவுக்கு 66. அதற்காக முரளியைவிட அஸ்வின் உசத்தி என்று பேச வேண்டாம். 133 டெஸ்ட்டில் 800 விக்கெட், 22.72 சராசரி; அங்கே வாயை மூடிக்கொள்வதே மரியாதை. அஸ்வினின் 537 பேரில் சரிபாதி, 268 பேர், இடதுகை ஆட்டக்காரர்கள். இதை எந்த விரிசல் பார்த்துத் தேர்ந்தெடுத்தது?

பொட்டலில் ஆடும் பையன்களுக்கு அஸ்வினைவிடப் பக்கத்து உறவு ஒருவர் உண்டு. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த நடராஜன். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில், முன்னணி பவுலர்கள் காயத்தில் வீழ்ந்தபோது அவருக்கு இந்திய டெஸ்ட் தொப்பி கிடைத்தது. முதல் இன்னிங்ஸில் 78 ரன்னுக்கு 3 விக்கெட். அந்த மேட்ச்சில் இந்தியா ஜெயித்து தொடரையும் கைப்பற்றியது. ரெக்கார்டு புத்தகத்தில் அவர் பெயருக்கு நேரே இருப்பது: டெஸ்ட் 1, விக்கெட் 3, சராசரி 39.67.