நிலத்துக்குக் கீழே இருந்த பிழை

கராமாவில் நாங்கள் குடியேறி நான்கு மாதங்கூட ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கீழ்வீட்டு மலையாளக் குடும்பத்தவர் வந்து கதவைத் தட்டினார். தங்கள் குளியலறைக்கு மேலிருந்து தண்ணீர் சொட்டுவதாகச் சொன்னார். அவர் கோபப்படவில்லை. எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

அவர் போனதும் மனைவிமேல் பாய்ந்தேன். "கிணத்தடியிலை குளிக்கிற மாதிரி வாளி வாளியா ஊத்தினால் வேறை என்ன நடக்கும்?" அவள் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து பிள்ளைகளை அரை வாளித் தண்ணீரில் குளிப்பாட்டினாள். 2009இல் மனிக் பாம் முகாமில் ஒரு வாளித் தண்ணீருக்காக வரிசையில் நின்றவள் அவள். அதை நினைக்காமல் பேசிவிட்டேன்.

ஒழுக்கு நிற்கவில்லை. வீட்டுக்காரரின் ஆள் வந்து பார்த்து, "இது நீங்கள் பாவித்த பிழை, திருத்தச் செலவை வைப்புப் பணத்தில் கழிப்போம்" என்றார். இப்படியான நேரத்தில் வாய் திறக்க எம்மவருக்குப் பயம். இந்த நாடு 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தில் சேரவில்லை. நாங்கள் இருப்பது வேலை விசாவில். வீட்டுத் தகராறு வேலையைத் தொடுமோ என்று இரண்டு இரவு நித்திரை இல்லை.

தொழிற்சாலையில் என்னோடு நிற்கும் மன்னார் அண்ணர்தான் வழி சொன்னார். "எல்லாப் பைப்பையும் பூட்டிப்போட்டு மீட்டரைப் பாரும் தம்பி. ஓடினால் வாற தண்ணியிலை ஒழுக்கு. ஓடாட்டில் போற தண்ணியிலை." பார்த்தேன். மீட்டர் அசையவில்லை. அதைப் படம் எடுத்து, நிலத்தைத் திறந்து பார்க்கும்படி எழுத்தில் கேட்டேன்.

ரைல்ஸைக் கிளப்பினால், கழிவுநீர்க் குழாயின் இரண்டு துண்டுகளும் பசை பூசாமல் சும்மா செருகப்பட்டிருந்தன. பொருத்துக்கு மேல் சீமெந்து அப்பியிருந்தது. மீற்றருக்கு இரண்டு சென்ரிமீற்றராவது சரிய வேண்டிய குழாய் எதிர்ப்பக்கம் சரிந்து கிடந்தது. நீர் கசியாமல் தடுக்கும் பூச்சும் இல்லை. அரை வாளி ஊற்றினாலும் ஒழுகத்தான் செய்திருக்கும்.

புதிதாக வந்தவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். துபாயின் 2007ஆம் ஆண்டு 26ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக உடன்படாவிட்டால் பராமரிப்பும் திருத்தமும் வீட்டுக்காரரின் பொறுப்பு. ஆகவே கையெழுத்து வைக்கமுன் ஒப்பந்தத்தை வாசியுங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் மாறாக ஒன்றும் இல்லாதபடியால் செலவை அவர்களே ஏற்றார்கள். அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு, அனுமதியின்றி வாடகைக்காரர் திருத்த வேலை செய்வதைத் தடுக்கிறது. அவசரப்பட்டு நீங்களே நிலத்தை உடைக்க வேண்டாம். பேசித் தீராவிட்டால், 2013இல் அமைக்கப்பட்ட வாடகைத் தகராறு தீர்ப்பு மையம் இருக்கிறது.

இன்னொன்று. ரைல்ஸ் பதிக்கமுன் வடிகாலை அடைத்து, நிலத்தில் ஒருநாள் முழுதும் தண்ணீர் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்வித்தோம். கீழே ஒரு சொட்டும் இறங்கவில்லை.

வேலை நடந்த நாட்களில் கீழ்வீட்டார்தான் தங்கள் குளியலறையைத் தந்தார்கள்.

மனைவியிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வேலை முடிந்த அன்று பின்னேரம் வாளியை நிரப்பி வைத்துவிட்டு, "பிள்ளையளை வடிவாக் குளிப்பாட்டும்" என்றேன். அவள் சிரித்தாள். "இப்பதானே உங்களுக்கு விளங்கினது" என்றாள்.