ஆர்டர் இல்லாத பாய்

பத்தமடையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, பாதி பின்னிய குரோஷே ஒன்று என் கைப்பையில் கிடந்தது. அம்மா மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, "கைவேலை செய், மனசு லேசாகும்" என்று ஒரு தோழி நூலும் ஊசியும் வாங்கித் தந்தாள். லேசாகவில்லை. முடிக்காத வேலைகளின் பட்டியலில் அதுவும் சேர்ந்துகொண்டது. கைவேலையே பிழைப்பாக உள்ளவர்கள் மனசு கனக்கும்போது என்ன செய்வார்கள்? அதைப் பார்க்கத்தான் சேரன்மகாதேவி சாலையில் இருக்கும், பாய் நெய்யும் இந்த ஊருக்கு வந்தேன்.

இங்கே பாய் நெய்கிறவர்களில் பெரும்பாலோர் லெப்பை முஸ்லிம் பெண்கள். நான் போன வீட்டில் தறி என்று தனியாக எதுவும் நிற்கவில்லை. தரையோடு தரையாக மூங்கில்களுக்கு இடையே இழுத்துக் கட்டிய பாவு நூல், அதன் நடுவே அச்சு, அவ்வளவுதான். அச்சை ஒரு தடவை தூக்கி, மறுதடவை அழுத்தினால் பாவு வாய் திறக்கும். நீளக் குச்சியின் துளையில் கோரையைக் கோத்து, உள்ளே ஓட்டி, அச்சால் இறுக்க வேண்டும்.

அதற்கு முன்னால்தான் பெரும்பாடு. பச்சைக் கோரையைக் கீறிக் காயவைத்து, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் அமிழ்த்துகிறார்கள். உப்பி எழுந்ததை மறுபடி காயவைத்து, நூல் போலக் கிழிக்கிறார்கள். நெசவின் நுண்மை 100 கவுண்டுக்கு மேலே போனால் அது பட்டுப்பாய். தொட்டால் துணிதான், கோரை என்று நம்ப முடியாது. 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து பாய் போன கதையை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இந்த வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. பேசியதெல்லாம் கோரை விலையும் முதுகுவலியும்.

அன்று தறியில் ஒரு கல்யாணப் பாய். மாப்பிள்ளை பெயர் முடிந்து, பெண் பெயரில் இரண்டாவது எழுத்து நடந்துகொண்டிருந்தது.

"இத நெய்யும்போது மனசுக்கு நிம்மதியா இருக்குமாக்கா?" என்று நெய்துகொண்டிருந்த அக்காவிடம் கேட்டேன். கேட்டதுமே வெட்கமாகிவிட்டது. நகரத்துக் கேள்வி.

அக்கா சிரித்தார். "ஆர்டர் பாய்ல நிம்மதி எங்கம்மா இருக்கு? கல்யாணத் தேதியே அதுலதான நெய்யணும்!"

கொஞ்ச நேரம் அச்சுச் சத்தம் மட்டும். பிறகு அவரே, கணவர் இறந்தபின் இத்தா இருந்த நாட்களைச் சொல்ல ஆரம்பித்தார்.

"அவுக மவுத்தான பிறகு இத்தா இருந்தேன்லா. நாலு மாசம் பத்து நாள். வாறவுகல்லாம் அழுதுட்டுப் போவாக. உடம்புல சத்தே இல்ல. ஒருநா மருமவகிட்ட, தறிய என் ரூமுல போடுட்டின்னேன். பூ கிடையாது, பேரு கிடையாது, வெறும் பாய். ஒருநா பத்து கோரை, ஒருநா ரெண்டு கோரை. யாரு கேட்டா? எப்ப முடிஞ்சா என்ன?"

"அந்தப் பாய்?"

"விக்கல. அதுலதான் தொழுவுறேன்."

கைவேலை மனசை ஆற்றும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோம். அதே வீடு, அதே கோரை, அதே விரல்கள்தான். ஒரு பாய் முதுகை ஒடிக்கிறது, இன்னொன்று ஆளை எழுப்பி உட்கார வைத்திருக்கிறது. என் குரோஷேவுக்கும் நான் தேதி வைத்திருந்தேன். அம்மா வீடு திரும்புவதற்குள் ஒரு சால்வை முடித்துவிட வேண்டும் என்று.

"உக்காருங்க, நாலு கோரை போடுங்க" என்று குச்சியைக் கையில் தந்தார். தூக்கு, ஓட்டு, இறுக்கு. அழுத்து, ஓட்டு, இறுக்கு. மூன்றாவது கோரையிலேயே தூக்கினோமா அழுத்தினோமா என்று மறந்துபோனது. ஓரத்தை அதிகமாக இழுத்துவிட்டேன். கைப்பையில் போன் இரண்டு முறை அதிர்ந்திருக்கிறது. ஆஸ்பத்திரி நாட்களிலிருந்து, அந்த அதிர்வுக்கு நெஞ்சு திடுக்கென்று அடித்துக்கொள்ளும். அப்போது கேட்கவே இல்லை. கால் மரத்து எழுந்தபோதுதான் பார்த்தேன்.

அக்கா குனிந்து ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"கோவிச்சுக்கிடாதீங்க, இத எடுத்துரணும். கல்யாணப் பாயில்லா?"

நான் போட்ட கோரைகளை ஒவ்வொன்றாக உருவி, நீவி, பக்கத்தில் அடுக்கினார். பிறகு அச்சைத் தூக்கி, பெண்ணின் பெயரில் விட்ட எழுத்தைத் தொடர்ந்தார்.