நூலகமும் நிலவறையும்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், சார்லட்ஸ்வில் நகரிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் மான்ட்பெலியர் வந்துவிடும். நான்காம் அதிபர் ஜேம்ஸ் மேடிசனின் பண்ணை வீடு அது. முகப்பில் நான்கு பருத்த வெண்தூண்கள். எதிரே விரிந்த புல்வெளி. தொலைவில் நீலம் பூத்த புளூ ரிட்ஜ் மலைத்தொடர்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த வீட்டை வைத்திருந்த டூபான்ட் குடும்பம் அதை 55 அறைகள் கொண்ட மாளிகையாக வளர்த்துவிட்டது. பிற்காலத்தில் சேர்த்தவற்றை இடித்து நீக்கி, மேடிசன் வாழ்ந்த 22 அறை வீட்டை மீட்கும் பணி 2008-இல்தான் நிறைவடைந்தது.

வருகிறவர்கள் முதலில் கேட்பது மாடியில் உள்ள நூலகத்தைத்தான். பாரிஸில் தூதராக இருந்த ஜெஃபர்சன், நண்பருக்காகப் பெட்டி பெட்டியாகப் புத்தகங்கள் அனுப்பினார். பழைய கிரேக்கக் கூட்டாட்சிகள் ஏன் சிதைந்தன என்று மேடிசன் அவற்றில் தேடித்தேடிக் குறிப்பெடுத்தார். 1787-இல் பிலடெல்பியா மாநாட்டில் அரசியல் சாசன விவாதத்துக்கு அடித்தளமான வர்ஜீனியா திட்டம், அந்தப் படிப்பில் விளைந்தது.

நூலகத்தோடு திரும்பிவிடுகிறவர்கள் பாதி வீட்டைத்தான் பார்த்தவர்கள். நிலவறைக்கும் இறங்க வேண்டும்.

தலைமுறை தலைமுறையாக இங்கே அடிமைகளாக உழைத்தவர்களின் கதையை, அவர்களுடைய சந்ததியினரும் சேர்ந்து அங்கே காட்சியாக அமைத்திருக்கிறார்கள். அங்குள்ள செங்கற்களில் சின்னச் சின்னப் பள்ளங்கள். குனிந்து பார்த்தால் விரல் தடங்கள். சூளையில் வைக்குமுன் ஈரக்கல்லைத் தூக்கிய குழந்தைகளின் விரல்கள் பதிந்தவை. உரிமைகளைச் சாசனத்தில் எழுதிச் சேர்த்தவரின் வீடு, உரிமை ஏதுமற்ற பிள்ளைகளின் கையால் எழும்பியது.

பால் ஜென்னிங்ஸ் 1799-இல் இங்கே அடிமையாகப் பிறந்தவர். 1836-இல் மேடிசன் இறந்தபோது அருகில் இருந்தவர். மேடிசனோ தம் உயிலில் எந்த அடிமையையும் விடுவிக்கவில்லை. 1847-இல் செனட்டர் டேனியல் வெப்ஸ்டர் 120 டாலர் கொடுத்து ஜென்னிங்ஸை மீட்டார். அந்தக் கடனை மாதம் எட்டு டாலர் வீதம் உழைத்தே அவர் தீர்த்தார். பண்ணையை விற்றுவிட்டு, வாஷிங்டனில் வறுமையில் வாடிய மேடிசனின் மனைவி டாலிக்குத் தம் கைப்பணத்திலிருந்தும் அவ்வப்போது கொடுத்து உதவினார். 1865-இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் இதை அவரே பதிவு செய்திருக்கிறார்.